விளைநிலத்தில் பூச்சியும் சிலந்தியும்: செண்பகத்தோப்பு அடிவாரத்தை முன்வைத்து

வயலில் பறப்பதும் ஊர்வதுமான சிற்றுயிர்களில் பயிரைத் தின்பவை சிறுபான்மையே. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு நெல்வயல்களை ஆராய்ந்து வில்லியம் செட்டில் குழுவினர் 1996இல் வெளியிட்ட கட்டுரை, எழுநூற்றுக்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி வகைகளைப் பதிவு செய்தது. அவற்றில் பயிருண்ணிகள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஐந்தில் இரண்டு பங்கு, பிறவற்றைப் பிடித்துத் தின்னும் இரைவிழுங்கிகள். கால் பங்கு, மற்றப் பூச்சிகளின் முட்டையிலோ உடலிலோ வளரும் ஒட்டுண்ணிகள். எஞ்சியவை மட்கும் தழையையும் நீர்ப்பாசியையும் உண்டு வாழ்பவை. வேளாண் பூச்சியியல் நெடுங்காலம் அந்த ஆறில் ஒரு பங்கையே பார்த்துக்கொண்டிருந்தது. மீதியைக் கணக்கில் எடுத்தது சூழலியல். அதுவும் பூச்சிக்கொல்லிகள் கைவிட்ட பிறகுதான்.

இந்தக் கேள்வியை ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் செண்பகத்தோப்பு பொருத்தமான இடம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை இறங்கி முடியும் அடிவாரம் அது. மேலே 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கிறது. 2021இல் மேகமலையோடு சேர்த்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகம். காட்டெல்லையை ஒட்டியே மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் தொடங்கிவிடுகின்றன. ராஜபாளையம் பக்கமும் அப்படித்தான். தோப்புகளுக்குக் கீழே கண்மாய்ப் பாசன நெல்லும் கரும்பும். இன்னும் கிழக்கே போனால் கரிசலில் பருத்தி, மக்காச்சோளம். ஒரே நாளில் நடந்து கடக்கக்கூடிய தூரத்துக்குள் காடு, தோப்பு, நஞ்சை, புஞ்சை நான்கும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. அணிலுக்கும் யானைக்கும் புலிக்கும் காட்டெல்லை ஒரு கோடு. சிலந்திக்கும் குளவிக்கும் அப்படி ஒரு கோடு கிடையாது. காட்டை ஒட்டிய வயலுக்குக் காட்டால் காவல் கிடைக்கிறதா, அல்லது வயலுக்குள் நடப்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா என்பதே இங்கு எழும் முதன்மையான கேள்வி.

பெயர் சூட்டலில் தொடங்கிய துறை

தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றிய முறையான எழுத்து, பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914இல் சென்னை அரசு அச்சகம் வழி வெளியிட்ட பெரிய நூலோடு தொடங்குகிறது எனலாம். கோயம்புத்தூரில் பணியாற்றிய டி.வி. ராமகிருஷ்ண அய்யர் 1940இல் தென்னிந்தியாவுக்கான பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டைக் கொண்டுவந்தார். இரண்டு நூல்களுமே பூச்சியைப் பயிருக்கு என்ன செய்கிறது என்பதை வைத்தே வரிசைப்படுத்தின. அவர்கள் காலத்துத் தேவை அது. ஆனால் ஒட்டுண்ணிக் குளவிகளையும் பொறிவண்டுகளையும் அவர்கள் ஒதுக்கிவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பிற்காலத்துப் பயிர்ப் பாதுகாப்புக் கையேடுகள் பல இந்த விஷயத்தில் அவர்களைவிடப் பின்தங்கியவை.

சிலந்திகளின் நிலை வேறு. பூச்சியியல் துறைக்குள் அவை வரவே இல்லை. எட்டுக் கால் உயிர்கள் விலங்கியல் அருங்காட்சியகங்களின் பொறுப்பாயின. ஆர்.ஐ. போகாக் 1900இல் பிரிட்டிஷ் இந்திய உயிரினத் தொகுதி வரிசையில் இவற்றைத் தொகுத்தார். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் பி.கே. டிகாதர் 1980களின் தொடக்கத்தில் நண்டுச் சிலந்திகள், ஓநாய்ச் சிலந்திகள், வட்டவலைச் சிலந்திகள் ஆகியவற்றைப் பற்றிய தொகுதிகளை எழுதினார். நெல்வயலுக்கென்றே ஒரு சிலந்தி நூல் 1995இல்தான் வந்தது. பிலிப்பைன்ஸில் பணியாற்றிய பாரியோனும் லிட்சிங்கரும் தெற்காசிய, தென்கிழக்காசிய வயல்களுக்காக அதை எழுதினர். உலகில் விவரிக்கப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022இல் 50,000ஐத் தொட்டது. பெயரில்லாதவை இன்னும் எத்தனையோ.

பெயர் தெரியாமல் சூழலியல் நடக்காது. வயலில் அகப்படும் சிலந்திகளில் பெரும்பகுதி குஞ்சுகள். இனப்பெருக்க உறுப்பு முதிராத சிலந்தியை இனம்வரை அடையாளம் காண்பது பெரும்பாலும் இயலாத காரியம். ஆகவே பல ஆய்வுகள் குடும்பப் பெயரோடு நின்றுவிடுகின்றன. அதில் பெரிய குற்றமில்லை. வயலில் ஒரு சிலந்தி என்ன வேலை செய்கிறது என்பதை அதன் குடும்பமே ஓரளவு சொல்லிவிடும்.

எண்ணும் வழிகள்

தரையில் ஓடுபவற்றுக்குக் குழிப்பொறி: மண்மட்டத்துக்கு வாய் இருக்கும்படி ஒரு குவளையைப் புதைத்து வைத்தால் ஓநாய்ச் சிலந்தியும் தரைவண்டும் தானே வந்து விழும். இலைமேல் இருப்பவற்றுக்கு வீச்சு வலை. சிறு குளவிகளுக்கு மஞ்சள் தட்டு. அந்துகளுக்கு விளக்குப்பொறி. மரப்பயிரில் கிளைக்குக் கீழே வெள்ளைத் துணியை விரித்துத் தட்டி உதிர்ப்பார்கள். ஒவ்வொரு கருவியும் வேறொரு வயலைக் காட்டும். குழிப்பொறியில் நிறைய விழுவது நிறைய இருப்பதால் மட்டுமன்று. பசியோடு அதிகம் அலையும் சிலந்தியும் அதிகம் விழும். நெல்லின் தூர்ப்பகுதியில் ஒளிந்திருப்பவற்றை வீச்சு வலை தொடுவதே இல்லை. எனவே எந்தக் கருவியால், பயிரின் எந்த வயதில் எண்ணியது என்று சொல்லாத பட்டியல்களை வைத்து வயல்களை ஒப்பிடுவது வீண்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. இத்தனை குடும்பங்கள், இத்தனை இனங்கள் என்று பட்டியலிட்டு, ஒரு பன்மைக் குறியீட்டைக் கணக்கிட்டு முடித்துவிடும் ஆய்வுகள் இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஏராளம். குறியீடு உயர்ந்த வயலில் பயிர்ச்சேதம் குறைந்ததா என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. அதற்கு விடை காண, சிலந்தி இருக்கும் பாத்தியையும் அது அகற்றப்பட்ட பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சோதனை வேண்டும். அமெரிக்காவில் சூசன் ரீகர்ட்டும் லெஸ்லி பிஷப்பும் 1990இல் வெளியிட்ட காய்கறித் தோட்டச் சோதனை அப்படிப்பட்டது. மூடாக்கும் பூச்செடியும் வைத்த பாத்திகளில் சிலந்திகள் பெருகின, பூச்சிச் சேதம் குறைந்தது. அங்கிருந்து சிலந்திகளை அகற்றியதும் அந்தப் பலன் மறைந்தது. அந்தக் கடைசிப் படி இல்லாவிட்டால் பலன் சிலந்தியால் வந்ததா, மூடாக்கின் ஈரத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது.

நெல்வயல்: கற்றுக்கொடுத்த பயிர்

இந்தத் துறை அறிந்தவற்றில் பெரும்பகுதி நெல்லிலிருந்து கிடைத்தது. அதுவும் ஒரே ஒரு பூச்சியின் புண்ணியத்தால். புகையான் எனப்படும் பழுப்புத் தத்துப்பூச்சி, தூரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். திட்டுத் திட்டாகப் பயிர் தீய்ந்துபோகும். குட்டை ரகங்களும் அதிகத் தழைச்சத்தும் அடிக்கடி மருந்தடிப்பும் சேர்ந்து வந்த பசுமைப் புரட்சிக்கு முன்பு வெப்பமண்டல ஆசியாவில் இது பெரிய தொல்லையாக இருந்ததில்லை. 1973–74இல் கேரளத்து வயல்களை அது அழித்தது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று ஆசியா முழுக்க அதே கதை. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடியதுதான் ஆய்வாளர்களை யோசிக்கவைத்தது.

காரணத்தைப் பிலிப்பைன்ஸ் வயல்களில் பீட்டர் கென்மோர் காட்டினார். அவரும் கூட்டாளிகளும் 1984இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மருந்து படாத வயலில் புகையான் தானாகவே கட்டுக்குள் இருந்தது. மருந்தடித்த வயலில் பல மடங்கு பெருகியது. புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து முட்டையை எட்டாது, சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் எட்டும். முட்டை பொரித்துக் குஞ்சுகள் வெளியே வரும்போது வயலில் எதிரியே இருக்காது.

தூரிலிருந்து கதிர்வரை நெற்பயிர் ஒரு மாடிக் குடியிருப்பு. நீர்மட்டத்தை ஒட்டிய அடித்தளத்தில் ஓநாய்ச் சிலந்தி. வலை பின்னாது, நீர்மேல் ஓடியே வேட்டையாடும். ஆசிய வயல்களில் பரவலாக இருக்கும் பார்டோசா சூடோஅனுலேட்டா என்ற இனம் நாளொன்றுக்கு 5 முதல் 15 இரைகளைப் பிடிக்கும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. அதே தளத்தில் தூர்களுக்கிடையே சிறு வலை கட்டும் குள்ளச் சிலந்தி, தத்துப்பூச்சியின் இளங்குஞ்சுகளைப் பிடிக்கும். இலைத்தளத்தில் கால்களில் முள் நிறைந்த ஆக்சியோப்பஸ் சிலந்தி தாவிப் பாய்ந்து நாளுக்கு இரண்டு மூன்று அந்துகளைக் கொல்லும்; ஒவ்வொரு அந்தும் இட்டிருக்கக்கூடிய முட்டைகளைச் சேர்த்துப் பார்த்தால் அது சிறிய கணக்கன்று. உச்சியில் நீள்தாடைச் சிலந்தியின் வட்டவலை. பகலில் ஓர் இலையோடு இலையாக நீட்டிப் படுத்திருக்கும் இதை விவசாயிகள் பலர் பார்த்தும் பார்த்ததில்லை. இவற்றோடு பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி சேர்ந்துகொள்கிறது; இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டையைக் குத்தி உறிஞ்சும் ஆற்றல் அதற்கு உண்டு. மருந்தால் முடியாததை அதன் ஊசிவாய் செய்கிறது.

ஜாவா ஆய்வு இந்தச் சித்திரத்தோடு காலத்தையும் சேர்த்தது. நடவு முடிந்த முதல் சில வாரங்களில் வயலில் தத்துப்பூச்சி அதிகம் இருக்காது. ஆனால் சிலந்திகள் அப்போதே நிறைய இருந்தன. எதைத் தின்று? சேற்றில் மட்கும் தழையில் வளரும் வால்துள்ளிகளையும், நீரில் பிறக்கும் கொசுப்போன்ற கடிக்காத ஈக்களையும். பயிருக்கு நன்மையும் செய்யாத, தீமையும் செய்யாத இந்தக் கூட்டம்தான் வேட்டைக்காரர்களுக்கு ஆரம்பச் சாப்பாடு. பயிருண்ணி வந்து சேரும்போது வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே பெருகி நிற்பார்கள். செட்டில் குழு சில பாத்திகளில் கரிமப் பொருளைக் கூட்டிப் பார்த்தது. மட்குண்ணிகள் கூடின, பின்னாலேயே இரைவிழுங்கிகளும் கூடின.

தமிழகத்து உழவர்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல, விளக்கம் மட்டும் புதியது. கொழிஞ்சி, ஆவாரை, வேம்பு, தக்கைப்பூண்டு என்று தழையை மிதித்துச் சேற்றோடு சேர்ப்பது மண்ணுக்கு உரமாவதற்கு முன்பே சிலந்திக்குச் சோறாகிவிடுகிறது. யூரியாவுக்கு மாறிய வயலில் தழைச்சத்து கிடைக்கும், அந்தச் சோறு கிடைக்காது. நடவு முடிந்த முதல் நாற்பது நாளில் இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்துப் பதறி அடிக்கும் மருந்துக்கும் இங்கேதான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இளம்பயிர் அந்த இலைச் சேதத்தைத் தாங்கி மீண்டுவிடும்; தொடக்கத்திலேயே அழிந்த சிலந்திக் கூட்டம் பருவம் முடிவதற்குள் பழைய நிலைக்கு வருவது அரிது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜாவாவில் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு வயலில் தண்ணீர் நிற்கும். இங்கே நெல் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்ப் பெருக்கையும் நம்பியது. கோடையில் வயல்கள் மாதக்கணக்கில் வெடித்துக் கிடக்கும். அந்த மாதங்களில் சிலந்தி தங்குவதற்கு வரப்பு, கண்மாய்க் கரை, வாய்க்கால் ஓரப் புல், பக்கத்துத் தோப்பு ஆகியவையே உள்ளன. மழை தொடங்கியதும் குஞ்சுச் சிலந்திகள் நூலைக் காற்றில் விட்டு மிதந்து வயலுக்குள் வருகின்றன. ஒரே பயிரை ஒரே சமயத்தில் பெரும்பரப்பில் நட்டு, இடையில் நீண்ட தரிசு விட்ட இடங்களில் வேட்டைக்காரர்கள் தாமதமாகவே வந்து சேர்வதை ஜாவாவிலும் கண்டார்கள். அப்படியானால் களைக்கொல்லி அடித்து வழித்தெடுத்த வரப்பு, அடுத்த பருவத்துச் சிலந்தியை முன்கூட்டியே துரத்திய வரப்பு. வரப்பு சுத்தமாக இருப்பதுதான் நல்ல விவசாயம் என்ற எண்ணத்தை மாற்றுவது, மருந்தை நிறுத்தச் சொல்வதைவிடக் கடினம்.

பருத்தியும் பாளையங்கோட்டை ஆய்வுகளும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எஸ்.வி.பி.ஆர். என்ற முன்னெழுத்துக் கொண்ட பருத்தி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. பஞ்சாலைகள் சூழ்ந்த ராஜபாளையத்துக்குப் பருத்தி வெறும் பயிரன்று. அதனாலேயே பருத்தியின் பூச்சி வரலாறும் இவ்வட்டாரத்துக்கு நெருக்கமானது.

நெல்லில் ஒரு பூச்சி பாடம் கற்பித்தது என்றால் பருத்தியில் பூச்சிகள் முறைவைத்துக் கற்பித்தன. 1980களின் பிற்பகுதியில் பச்சைக் காய்ப்புழு பைரித்ராய்டு மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றது. 2002இல் பி.டி. பருத்தி வந்ததும் பச்சைக் காய்ப்புழுத் தொல்லை குறைந்தது. 2010 வாக்கில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி. நச்சுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றது உறுதியானது. காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து குறைந்த இடங்களில் மாவுப்பூச்சியும் தத்துப்பூச்சியும் நாவாய்ப்பூச்சிகளும் முன்னுக்கு வந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் வயலின் வேட்டைக்காரர்களே பொதுவாக இழப்பைச் சந்தித்தனர்.

தென்மாவட்டங்களில் இந்த வேட்டைக்காரர்களைப் பற்றிய நீண்ட ஆய்வு ஒன்று பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நடந்தது. டன்ஸ்டன் பி. ஆம்புரோஸ் அங்கே பல ஆண்டுகள் ஒரே குடும்பத்தைத் துருவினார்: ரெடுவிட் எனப்படும் கொலைகார நாவாய்ப்பூச்சிகள். வளைந்த அலகை இரைக்குள் குத்தி நஞ்சேற்றி, உள்ளுறுப்பைக் கரைத்து உறிஞ்சுபவை இவை. 1986இல் லிவிங்ஸ்டனோடு சேர்ந்து அவர் ரைனோகோரிஸ் குமாரி என்ற புதிய இனத்தை விவரித்தார். 1999இல் இக்குடும்பத்தைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அதே கல்லூரியில் கி. சகாயராஜ், ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் இனத்தை ஆய்வகத்தில் பெருக்கி வயலில் விடும் வழிகளை ஆராய்ந்தார். புகையிலைப் புழு, பச்சைக் காய்ப்புழு, பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சி ஆகியவை அதன் இரைகள். நிலக்கடலை, பருத்தி வயல்களில் அதை விட்டுப் பார்த்தார்கள்.

இந்த ஆய்வுகளில் இரண்டு விஷயங்கள் கவனத்துக்குரியவை. முதலாவது, பூச்சிகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பது. முட்புதர்க் காடு, மலையடிவாரம், அவற்றை ஒட்டிய விளைநிலம் ஆகியவற்றில் கற்களுக்கும் சருகுக்கும் அடியில் கிடைத்தவை அவை. புதர்க்காட்டை யாரும் காடாகவே மதிப்பதில்லை. வருவாய்ப் பதிவேட்டில் அது பெரும்பாலும் தரிசு. ஆனால் புழுவைத் தின்னும் நாவாய்ப்பூச்சிக்கு அதுவே தாய்வீடு. சில இனங்களின் குஞ்சுகள் உடல்மேல் மண்ணையும் தின்றுபோட்ட எறும்பின் கூட்டையும் அப்பிக்கொண்டு ஒளிந்து திரிவதை அந்த வாழிடத்தில் பார்த்தால்தான் புரியும். இரண்டாவது, பெருக்குவதன் சிரமம். அரிசி அந்தின் புழுவைத் தீனியாகக் கொடுத்து வளர்க்கலாம்; ஆனால் நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். டிரைக்கோகிராம்மா முட்டை ஒட்டுண்ணியை அட்டையில் ஒட்டி உழவர்களுக்கு விற்க முடிந்ததுபோல இதை விற்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். கொலைகார நாவாய்ப்பூச்சியை வாங்கிவந்து விடுவதைவிட, ஏற்கெனவே இருப்பதைக் கொல்லாமல் விடுவதே மலிவு.

தோப்புகள்

மரப்பயிர்களில் கணக்கு மாறுகிறது. தோப்பு ஆண்டுதோறும் அழிக்கப்பட்டு மறுபடி தொடங்கும் இடமன்று. அடியில் சருகு, பட்டையில் வெடிப்பு, மேலே நிழல் என்று நிலையான தங்குமிடம் உண்டு. சிலந்திக்கு அது வசதி. ராஜபாளையம் மாந்தோப்புகளில் பூப்பருவத்தில் வரும் தத்துப்பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற கழிவைச் சொரிந்து கரும்பூசணம் படரச் செய்யும். பூவில் மருந்தடித்தால் அதே பூவுக்கு வரும் ஈக்களும் தேனீக்களும் சாகும். மாம்பூவின் மகரந்தத்தைச் சுமப்பதில் தேனீயைவிட ஈக்களின் பங்கு பெரிது என்பதால், ‘ஈ தானே’ என்று இதை விட்டுவிடவும் முடியாது.

மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு தனியாகப் பேசத்தக்கது. சீனாவில் ஆரஞ்சுத் தோட்டங்களில் இதன் கூடுகளை விலைக்கு வாங்கிக் கட்டித் தொங்கவிட்ட வழக்கம் நான்காம் நூற்றாண்டு நூலொன்றிலேயே பதிவாகியிருக்கிறது. பூச்சியைப் பூச்சியால் அடக்கியதற்கு உலகின் மிகப் பழைய சான்று அதுதான். வட ஆஸ்திரேலியாவில் ரென்காங் பெங், கீத் கிறிஸ்டியன் இருவரும் மா, முந்திரித் தோப்புகளில் முசுறை முறைப்படி பயன்படுத்திக் காட்டினர். இடைஞ்சலும் உண்டு. முசுறு மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் அவற்றின் இனிப்புக் கழிவுக்காகக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். காய் பறிக்க ஏறுபவரைக் கடித்துக் கீழே இறக்கும். ஆகவே குத்தகைக்கு எடுத்தவர் முதலில் செய்வது முசுறுக் கூட்டைக் கொளுத்துவதுதான் என்றால் அதற்கு அவரை மட்டும் குறைசொல்ல முடியாது.

தென்னையில் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ, வேட்டைக்காரர்களின் மதிப்பை அதிகார மட்டத்திலேயே ஒப்புக்கொள்ள வைத்தது. அதோடு என்கார்சியா குவாடலூப்பே என்ற நுண்குளவியும் பரவியது. பூச்சிக்கொல்லி அடித்தால் குளவி சாகும், ஈ மறுபடி பெருகும் என்பதால், மருந்து வேண்டாம், மஞ்சள் ஒட்டும் பொறி வையுங்கள், தண்ணீரைப் பீய்ச்சுங்கள், கரும்பூசணத்தின்மேல் மைதாக் கஞ்சி தெளியுங்கள் என்று வேளாண் நிறுவனங்களே பரிந்துரைத்தன. அதற்கு முன்பு 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி மூன்றையும் நாசமாக்கியபோது, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணியைத் தருவித்து விட்டதில் தொல்லை வேகமாக அடங்கியது. வெளியிலிருந்து வந்த பூச்சிக்கு அதன் தாயகத்து எதிரியைத் தேடுவது இத்துறையின் பழைய வழி. அது எப்போதும் பலிப்பதில்லை, பலித்தால் இப்படித்தான் பலிக்கும்.

காடு தருவதும் வயல் கெடுப்பதும்

காட்டருகே இருப்பதால் வயலுக்கு நன்மையா? மகரந்தச் சேர்க்கையைப் பொறுத்தவரை விடை ஓரளவு தெளிவு. கோஸ்டாரிகாவில் டெய்லர் ரிக்கெட்ஸ் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த காப்பிச் செடிகளில் விளைச்சல் 20 விழுக்காடு கூடுதல்; காட்டுத் தேனீக்களே காரணம். குடகுக் காப்பித் தோட்டங்களில் செய்த ஆய்வில் மலைத்தேனீயே முக்கிய மகரந்தச் சேர்ப்பி என்று தெரிந்தது. உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை விளிம்புகளிலும் கூடு கட்டும் மலைத்தேனீ, இரைதேடிப் பல கிலோமீட்டர் பறக்கும். செண்பகத்தோப்பில் வாழும் பளியர் சமூகத்தினர் மலையில் எடுக்கும் தேனில் இந்தத் தேனீயினுடையதும் உண்டு. மேலே பாறையில் கட்டிய கூட்டுக்கும் கீழே தோப்பில் பூக்கும் மரத்துக்கும் இப்படி ஒரு கணக்கு வழக்கு இருக்கிறது.

பயிர்ப் பாதுகாப்பில் விடை அவ்வளவு எளிதன்று. டேனியல் கார்ப் தலைமையில் பலநாட்டு ஆய்வாளர்கள் 132 ஆய்வுகளின் தரவை ஒன்றுதிரட்டி 2018இல் வெளியிட்டனர். வயலைச் சுற்றி இயற்கை வாழிடம் கூடினால் சில இடங்களில் பயிருண்ணிகள் குறைந்தன, சில இடங்களில் கூடின, பல இடங்களில் மாற்றமே இல்லை. ஏமாற்றம் தரும் முடிவாக இது தோன்றலாம். உண்மையில் இது கேள்வியைத் திருத்துகிறது. காட்டிலிருந்து சிலந்தி வருகிறது என்றால் அது எப்போது வருகிறது, வந்த வயலில் தின்ன என்ன இருக்கிறது, அந்த வாரம் மருந்து அடித்தார்களா என்பவற்றைச் சேர்க்காமல் காட்டின் பரப்பளவை மட்டும் அளந்தால் குழப்பமே மிஞ்சும். வேட்டைக்காரர்கள் ஒன்றையொன்று தின்பதும் கணக்கைக் கலைக்கும். ஓநாய்ச் சிலந்தி தத்துப்பூச்சியோடு பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியையும் தின்னும், சின்னச் சிலந்தியையும் தின்னும். எதிரிகள் கூடக்கூடப் பாதுகாப்பு கூடும் என்பதற்கு எல்லை இருக்கிறது.

போக்குவரத்து ஒருவழியானதும் அல்ல. ஜெர்மனியின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 27 ஆண்டுகள் வலை கட்டி எடை பார்த்ததில், பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்திருந்ததாக 2017இல் காஸ்பர் ஹால்மன் குழு அறிவித்தது. அந்தப் பகுதிகள் பெரும்பாலும் விளைநிலங்கள் சூழ்ந்தவை. வேலி போட்டுக் காட்டைக் காப்பாற்றலாம், காற்றில் மிதந்துவரும் மருந்தை வேலி நிறுத்தாது. அடிவாரத் தோப்பில் அடிக்கும் மருந்து சரணாலயத்தின் கணக்கிலும் வர வேண்டியதுதான்.

வரம்பு எண்ணும் சிலந்தியும்

இத்தனை ஆய்வும் உழவரை எட்டியது மூன்று வழிகளில். அரசாணை ஒன்று: 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்து, பிறகு உழவர் வயல்வெளிப் பள்ளிகளைப் பெருமளவில் தொடங்கியது. வயலுக்குள் இறங்கித் தூரைத் தட்டி, விழுந்தவற்றை வரைந்து, நல்லது கெட்டது பிரித்து, அன்றைக்கு மருந்து வேண்டுமா என்று உழவர்களே முடிவெடுக்கும் அந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. வியட்நாம் வேறு வழியில் போனது. 1994 முதல் மீகாங் கழிமுகத்தில் கே.எல். ஹியோங், மோனினா எஸ்கலாடா இருவரும் வானொலி நாடகமும் துண்டறிக்கையும் வழியாக, விதைத்த முதல் நாற்பது நாள் மருந்து வேண்டாம் என்ற ஒரே செய்தியைப் பரப்பினர். சில ஆண்டுகளில் மருந்தடிப்பு ஏறத்தாழப் பாதியானது. ஒரே ஒரு விதி, அதுவும் உழவர் தம் வயலின் மூலையில் தாமே சோதித்துப் பார்க்கக்கூடிய விதி என்பதே அதன் பலம்.

மூன்றாவது வழி பரிந்துரை எண்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்குச் சொல்லும் பொருளாதாரச் சேதநிலை இப்படி இருக்கிறது: சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தி வயலின் பொறுமையை இரு மடங்காக்குகிறது என்பதை அதிகாரபூர்வமாக எழுதிய வரி இது. வயல் சூழல் ஆய்வில் பொதுவாகக் கையாளும் இன்னொரு கணக்கு, தீமை செய்யும் பூச்சி இரண்டுக்கு நன்மை செய்வது ஒன்று இருந்தால் மருந்தைத் தள்ளிப்போடலாம் என்பது. எல்லா இரைவிழுங்கிக்கும் ஒரே மதிப்புக் கொடுப்பதால் இது முரட்டுத்தனமான கணக்குதான். இருந்தாலும் கையில் பட்டியல் இல்லாமல் வரப்பில் நிற்பவருக்கு உதவும்.

வரப்பை வெறுமனே விடாமல் நிரப்பவும் சான்று உண்டு. தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்றிலும் நெல்வயல் ஓரங்களில் தேன்சுரக்கும் பூச்செடிகளை வைத்துச் செய்த சோதனையை ஜெஃப் கர் குழு 2016இல் வெளியிட்டது. மருந்தடிப்பு 70 விழுக்காடு குறைந்தது, விளைச்சல் 5 விழுக்காடு கூடியது. பருத்தியைச் சுற்றித் தட்டைப்பயறு விதைப்பதும் அதே நோக்கில்தான். தட்டைப்பயற்றின் அசுவினியைத் தேடி வரும் பொறிவண்டு பருத்திக்கும் இறங்கும். ஆமணக்கும் செண்டுமல்லியும் பொறிப்பயிர்களாகப் புழுவை இழுக்கும்.

இவை நடைமுறையில் ஏன் மெதுவாகப் பரவுகின்றன என்பதற்கு விடை சூழலியலில் இல்லை. காலையில் வயலில் இறங்கி இருபது குத்தைத் தட்டிப் பார்க்க ஆள் வேண்டும்; நிலத்துக்காரர் டவுனில் இருந்தால் அது நடக்காது. என்ன மருந்து என்று சொல்பவர் பெரும்பாலும் அதை விற்கும் கடைக்காரர். புகையானுக்கு இருப்பதுபோலச் சிலந்தியைச் சேர்த்துக் கணக்கிட்ட சேதநிலை, மாவின் தத்துப்பூச்சிக்கோ மக்காச்சோளத்தில் 2018இல் நுழைந்த அமெரிக்கப் படைப்புழுவுக்கோ பரிந்துரைகளில் புழக்கத்துக்கு வரவில்லை. அவ்வெண்ணைப் பெற, செண்பகத்தோப்பிலிருந்து கிழக்கே கரிசல்வரை ஒரே பருவத்தில், ஒரே கருவிகளால், மருந்தடித்த நாளையும் குறித்துக்கொண்டு, சிலந்தியை அகற்றிய பாத்தியோடு ஒப்பிட்டு, காட்டிலிருந்து தூரம் கூடக்கூட என்ன மாறுகிறது என்று எண்ண வேண்டியிருக்கும். காடும் மூன்று வகை விளைநிலமும் இத்தனை நெருக்கமாக இருக்கும் இடத்தில் அதற்குப் பெரிய பயணச் செலவு ஆகாது.